மனிதரிடம் தள்ளுபடி, தேவனிடம் தவணை

ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டு, அதற்காக ஆலயத்தில் போய் முழங்கால்படியிடுவது கிறிஸ்தவர்களாகிய நமக்குக் கைவந்த கலை. தம்பியின் பங்கை அமுக்கிக்கொண்டவர் மூன்று நாள் உபவாசம் இருப்பார். கூட வேலை செய்பவரைப் பற்றி இல்லாததைச் சொன்னவர் காணிக்கைப் பையில் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார். தம்பிக்குப் பங்கும் வராது, அந்த மனிதரின் பேரும் சரியாகாது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று தமிழில் இதற்குப் பழமொழியே உண்டு. பழமொழி வேறு வீட்டுக்காரர்களைப் பற்றியது என்று நாம் சிரித்துக்கொள்கிறோம்.

பாவமன்னிப்பில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. மனிதரிடம் பட்டது ஒன்று, தேவனிடம் பட்டது ஒன்று. முதலாவதைத் திருப்பிக் கட்ட முடியும், கட்டத்தான் வேண்டும். இரண்டாவதைக் கட்டவே முடியாது, தள்ளுபடி செய்தால்தான் உண்டு. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். மனிதரிடம் போய்த் தள்ளுபடி கேட்கிறோம். தேவனிடம் தவணை கட்டுகிறோம்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை, பலிமுறைதானே என்று பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகிறோம். அதில் வரும் குற்றங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம்பி ஒப்படைத்த பொருளை வாங்கவே இல்லை என்று சாதிப்பது, பறித்துக்கொள்வது, அயலானை ஒடுக்குவது, கண்டெடுத்ததைக் காணவில்லை என்பது, அதற்கு மேல் பொய்ச்சத்தியம். எல்லாம் அயலானுக்குச் செய்தவை. ஆனாலும் கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்றுதான் அந்தப் பகுதி ஆரம்பிக்கிறது. தீர்க்கும் முறையும் அங்கேயே இருக்கிறது. எடுத்த முதலை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். பொருளுக்கு உரியவன் கையிலேயே கொடுக்க வேண்டும். பழுதற்ற ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. நூறு எடுத்தவன் நூற்றிருபது கொடுக்கிறான். எண்ணாகமம் 5 இதையே மறுபடி சொல்லிவிட்டு இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறது: வாயால் அறிக்கையிட வேண்டும்; வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை, உறவும் இல்லை என்றால் அது ஆசாரியனிடம் சேர வேண்டும். ஆள் இல்லாததால் கடன் மறைந்துபோவதில்லை.

பிடிபட்ட திருடனுக்குக் கணக்கு வேறு. யாத்திராகமம் 22இன்படி, திருடிய மிருகம் உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. விற்றோ கொன்றோ போட்டிருந்தால் ஆட்டுக்கு நாலு, மாட்டுக்கு ஐந்து. குற்றத்தை உணர்ந்து தானாக வருபவனுக்கு ஒன்றேகால் பங்குகூட ஆகவில்லை, மாட்டிக்கொண்டவனுக்கு இரண்டு முதல் ஐந்து மடங்கு. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு லூக்கா 19இல் ஆயக்காரர் தலைவனாகிய, அதாவது வரி வசூலிப்போரின் தலைவனாகிய, சகேயு பேசுவதைக் கேட்டால் அவன் செய்தது புரியும். அவனை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்திருந்தாலே நியாயப்பிரமாணப்படி போதும். அவன் நாலு மடங்கு என்கிறான்; பிடிபட்ட ஆட்டுத்திருடனின் வரிசையில் தானாகப் போய் நிற்கிறான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்" என்று இயேசு சொன்னது அதற்கு முன்பே. நாலு மடங்கைக் கொடுத்து அவன் விருந்தாளியைச் சம்பாதிக்கவில்லை.

பணமாக இருந்தால் கூட்டிக் கழிப்பது சுலபம். பேரைக் கெடுத்தது எப்படித் திரும்பும்? யார் யாரிடம் சொன்னோமோ அத்தனை பேரிடமும் போய், "அன்றைக்கு நான் சொன்னது பொய், இட்டுக்கட்டியது" என்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொய்யைக் கேட்ட பத்துப் பேரை அப்படியே விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கிற பிசகு. குழுவில் எழுதியதற்குக் குழுவிலேயே மறுப்பு எழுத வேண்டும், தனிச்செய்தி போதாது. அடுத்தவரின் உழைப்பைத் தன் பேரில் காட்டியிருந்தால், அதைப் பாராட்டிய அதே மேலாளரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கே அந்த ஐந்தில் ஒரு பங்கு என்பது, பொய் போகாத இடத்திலும் அவரைப் பற்றிய நல்லதைச் சொல்வது. கொலை, நம்பிக்கைத் துரோகம், கெடுத்த இளமை ஆகியவற்றுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அங்கே மனிதக் கணக்கே பாதியில் நின்றுவிடுகிறது. அதைத் தீர்த்துவிட்டதாகப் பாவனை செய்யாமல் இருப்பதுதான் குறைந்தபட்ச நேர்மை.

மத்தேயு 5:23-24 இதே வரிசையைத்தான் சொல்கிறது. பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது, உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் எருசலேமில். நடை மூன்று நாளாவது இருக்கும். காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு மூன்று நாள் திரும்பி நடந்து, ஒப்புரவாகி, மறுபடி மூன்று நாள் நடந்து வரச் சொல்கிறார். கேட்டவர்கள் சிரித்திருக்கவும் கூடும். ஆராதனை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று தாவீது சொல்லியிருக்கிறாரே என்று கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்கள், பெரும்பாலும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க விருப்பமில்லாதவர்கள். 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு இதை பத்சேபாள் விவகாரத்தோடு சேர்க்கிறது. அவள் உரியாவின் மனைவி; தாவீது ராஜா அவளோடு சேர்ந்து, பிறகு உரியாவைப் போரில் சாகவைத்தார். தாவீது வாய்திறந்த நேரத்தில் உரியா செத்துப்போயிருந்தான். திருப்பிக் கொடுக்க ஆளே இல்லாத நிலையில் பேசியவரின் வரியை, ஆள் எதிர்வீட்டிலேயே இருக்கிறவர் எடுத்துக்கொள்ளக்கூடாது.

இனி செய்முறை. கத்தோலிக்கர்களுக்கு நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு, ஐந்து காரியங்கள் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவங்களைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். எந்தச் சபையாராக இருந்தாலும் இந்த ஐந்தும் உதவும். ஆனால் முதலாவதிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. "நான் கோபக்காரன், பெருமைக்காரன், ஜெபத்தில் குறைவுள்ளவன்" என்று எழுதுவது ஆத்தும சோதனை ஆகாது. அது தன்னைப் பற்றிய வர்ணனை. கேட்க அடக்கமாக இருக்கும், ஒருவரையும் தொடாது. வினைச்சொல் வேண்டும். யாரிடம், என்ன செய்தேன், அவருக்கு என்ன போயிற்று என்று ஒரு பாவத்துக்கு ஒரு வரி. "மகன் மதிப்பெண் அட்டையை நீட்டியபோது அவன் தங்கையின் முன்னால் அவனை மடையன் என்றேன்." இந்த வரியில் கோபம் என்ற சொல்லே இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது: மகனிடம் போக வேண்டும், தங்கையும் அங்கே இருக்க வேண்டும்.

பாவத்தின் வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்று 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து (Trent) பொதுச்சங்கம் சாவான பாவங்களுக்கு, அதாவது கனமான பாவங்களுக்கு, விதித்தது. வெறும் சட்டம்போலத் தோன்றும். ஒருமுறை பொய் சொன்னவனுக்கும், மூன்று வருஷம் தினமும் அதே பொய்யைப் பராமரித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கையில்தான் வெளிப்படும்.

செய்ததை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். 1552ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையின் ஜெபபுத்தகத்தில் சேர்ந்த பொதுப் பாவ அறிக்கையில், செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டோம் என்பது முந்தி வருகிறது, செய்யத்தகாதவைகளைச் செய்தோம் என்பது பிந்தி. வரிசை சரிதான். செய்த பாவத்துக்குச் சாட்சி இருக்கும். செய்யாமல் விட்டதற்கு இருக்காது.

தினமும் எல்லாவற்றையும் துழாவினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் 'ஞானப் பயிற்சிகள்' நூலில் ஒரு வழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே குற்றம். நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு நாள். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை கணக்குப் பார்த்து, காலையை மாலையோடும் நேற்றை இன்றோடும் போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். விழுந்த அந்த நேரத்திலேயே நெஞ்சில் கைவைத்து வருந்தச் சொல்கிறார், கூட்டத்தில் இருந்தாலும் பிறர் கவனிக்காதபடி. இதில் ஒரு அபாயமும் உண்டு. புள்ளிகள் குறையும்போது வரும் திருப்தி சில நேரம் பழைய பாவத்தைவிட மோசமானது.

அறிக்கையின் சொற்களுக்கு வருவோம். வேதத்தில் இதற்கு நல்ல மாதிரிகளைவிடக் கெட்ட மாதிரிகள் அதிகம். அவற்றில்தான் நாம் நம்மைக் கண்டுகொள்வோம். மோசேயின் அண்ணன் ஆரோன் ஜனங்கள் வணங்கப் பொன்னால் ஒரு கன்றுக்குட்டியைச் சிற்பக்கருவியால் உருவாக்கினான் என்று யாத்திராகமம் 32:4 சொல்கிறது. மோசே கேட்டபோது 24ஆம் வசனத்தில் அவன் சொல்வது: அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது. கருவி எங்கே போயிற்று? "நடந்துவிட்டது", "வாய் தவறி வந்துவிட்டது" என்றெல்லாம் நாம் சொல்வது ஆரோனின் இலக்கணம். செய்தவன் இல்லாமலே செயல் நடந்துமுடிந்திருக்கும்.

சவுல் ராஜா இன்னும் நுட்பம். அமலேக்கியருக்கு உள்ள எல்லாவற்றையும் அழித்துப்போட வேண்டும் என்பது அவனுக்குக் கட்டளை. 1 சாமுவேல் 15இல் அமலேக்கின் ஆடுமாடுகள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான். அந்தச் சத்தம் என்ன என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்கிறார். பதிலில் எழுவாய்களைப் பாருங்கள். நல்ல மிருகங்களைத் தப்பவைத்தது ஜனங்கள். மற்றவற்றை அழித்தது நாங்கள். வைத்துக்கொண்டது அவர்கள், கீழ்ப்படிந்தது நாங்கள். எதற்குத் தப்பவைத்தார்களாம்? கர்த்தருக்குப் பலியிட. கடைத்தேங்காய் மறுபடி வந்துவிட்டது. பிறகு வேறு வழியில்லாமல், பாவஞ்செய்தேன் என்கிறான். அடுத்த மூச்சில் ஜனங்களுக்குப் பயந்துவிட்டேன் என்கிறான். 30ஆம் வசனத்தில் இரண்டாம் முறை பாவஞ்செய்தேன் என்கிறான்; கூடவே, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான்.

உரியா விஷயத்தில் தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானுக்குத் தாவீது சொன்ன பதில் எபிரெயத்தில் இரண்டே சொற்கள். கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன். காரணம் இல்லை, பின்னணி இல்லை, வேண்டுகோளும் இல்லை. அதே வசனத்திலேயே மன்னிப்பு வந்துவிடுகிறது. இரண்டு சொல்லுக்கும் பதிலுக்கும் நடுவில் தாவீது எதையும் செய்யவில்லை.

மனிதரிடம் பேசும்போதும் இதே அளவுகோல்தான். "உங்கள் மனசு புண்பட்டிருந்தால் மன்னிச்சுக்கோங்க" என்பதில் 'இருந்தால்' என்ற ஒரு சொல் மொத்தத்தையும் கெடுக்கிறது. புண்பட்டதா இல்லையா என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. "நான் அப்படிப் பேசினது தப்புதான், ஆனால் நீங்களும்..." என்பது மன்னிப்பு அல்ல, எதிர்வழக்கு. ஆரம்பத்திலேயே "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வதும் தவறு. அவருக்கு அவகாசம் வேண்டும். நாம் கேட்க வந்தது அவர் நிம்மதிக்கா, நம் நிம்மதிக்கா? சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அன்றைக்கு எல்லார் முன்னாலும் நீங்கள் பணம் எடுத்ததாகச் சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த எல்லாரிடமும் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். என்னை மன்னியுங்கள்." பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அமைதியைத் தாங்க முடியாமல் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால், ஐந்தே நிமிஷத்தில் சவுல் ஆகிவிடுவோம்.

சொல்லக்கூடாத இடமும் உண்டு. மனதுக்குள் மட்டும் பொறாமைப்பட்டதையும் வெறுத்ததையும், அது தெரியவே தெரியாத ஒருவரிடம் போய் இறக்கிவைப்பது நேர்மை அல்ல; நம் பாரத்தை அவர் தோளுக்கு மாற்றுவது. பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ அறிக்கையும் அவ்வளவு தூரம் போனால் போதும்.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பாவஞ்செய்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பினான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று சொல்லிவிட்டார்கள். மேய்க்க வேண்டியவர்கள் கைகழுவினார்கள். பாவத்தைக் கேட்டு ஒதுங்கவும் செய்யாமல், லேசாக்கவும் செய்யாமல், தேவனுடைய மன்னிப்பைச் சத்தமாகச் சொல்லக்கூடியவர் வேண்டும். கத்தோலிக்கக் குரு ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. மற்றச் சபைகளின் போதகர்களுக்கு அதே கட்டுப்பாடு எல்லா இடத்திலும் இல்லை. எனவே பேசத் தொடங்குமுன் இரகசியத்தைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. ஜெபக்குறிப்பு என்ற பேரில் எத்தனையோ பேரின் பாவம் ஊர் சுற்றியிருக்கிறது.

இனி இரண்டாவது கணக்கு, தேவனிடம் பட்டது. மத்தேயு 18இல் இயேசு சொல்லும் உவமையில் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் வருகிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் நாள் சம்பளம். வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் ஒரு தாலந்துக்கு இருபது வருஷம், பதினாயிரத்துக்கு இரண்டு லட்சம் வருஷம். அவன் என்ன கேட்கிறான்? மன்னிப்பைக் கேட்கவில்லை. பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறான். தவணைதான் கேட்கிறான். ராஜா கேட்டதைக் கொடுக்காமல் மொத்தக் கடனையும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்ததும் நூறு வெள்ளிப்பணத்துக்காக, நாலு மாசக் கூலிக்காக, உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். நன்றிகெட்டவன் என்று பிரசங்கிப்பார்கள். எனக்கு என்னவோ, தள்ளுபடி அவன் மண்டையில் ஏறவே இல்லை என்று தோன்றுகிறது. இன்னும் தவணை கட்ட வேண்டியவனாகவே நினைத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்பியிருக்கிறான்.

இயேசுவின் இன்னொரு உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் கெட்ட குமாரனும் ஒரு தவணைத் திட்டத்தோடுதான் வீட்டுக்குப் புறப்படுகிறான். லூக்கா 15:18-19இல் ஒத்திகை பார்த்த பேச்சில் மூன்று பகுதிகள்: பாவஞ்செய்தேன், குமாரன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். 21ஆம் வசனத்தில் தகப்பனிடம் பேசும்போது முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. தகப்பன் அதற்குள் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நம்முடைய உபவாசங்களும் பொருத்தனைகளும் பல நேரம் அந்த மூன்றாவது வரியை எப்படியாவது சொல்லி முடித்துவிடும் முயற்சி.

32ஆம் சங்கீதத்தில் ஒரு சொல்லை மட்டும் காட்டிவிடுகிறேன். எவன் பாவம் மூடப்பட்டதோ அவன் பாக்கியவான் என்று முதல் வசனம். என் அக்கிரமத்தை மறைக்கவில்லை என்று ஐந்தாம் வசனம். தமிழில் 'மூட', 'மறைக்க' என்று இரண்டாகத் தெரிவது எபிரெயத்தில் ஒரே வினைச்சொல். நாம் மூடாமல் விட்டதை அவர் மூடுகிறார்.

அதனால் ஒரு பாவத்தை ஒருமுறை சொல்லியாயிற்று, மனிதருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்றால், எழுதிய தாளைக் கிழித்துவிட வேண்டும். மறுநாள் மனம் குத்தும். குத்துவது மன்னிக்கப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. நம் இருதயமே நம்மைக் குற்றவாளியென்று தீர்த்தாலும் தேவன் இருதயத்திலும் பெரியவர் என்று 1 யோவான் 3:20 இதற்காகவே இருக்கிறது. அதே பாவத்தை நூறு தடவை அறிக்கையிட்டும் நிம்மதி வராமல், சரியாகச் சொன்னேனா, ஒரு சொல் விட்டுவிட்டேனா என்று திரும்பத் திரும்பச் சுழல்பவர்களுக்கு இன்னொரு உபவாசம் மருந்தல்ல. ஒரே ஆலோசகர், அவர் "போதும்" என்றால் நிறுத்திக்கொள்வது, கூடவே மனநல மருத்துவர், இவைதான் வேண்டும். ஓ.சி.டி. என்கிற, ஒரே எண்ணம் விடாமல் சுழலும் மனநோய் பக்தியின் உடுப்பிலும் வரும்.

மன்னிப்பு விளைவுகளைத் துடைத்துவிடாது. நீர் சாவதில்லை என்று தாவீதுக்குச் சொன்ன நாத்தானே, பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொல்லியிருந்தார். அடித்தவரை மன்னித்துவிட்டதால் அவரோடு அதே வீட்டில் இருந்தாக வேண்டும் என்றோ, குழந்தையிடம் தவறாக நடந்தவர் கண்ணீரோடு சாட்சி சொல்லிவிட்டதால் போலீசுக்குப் போகக்கூடாது என்றோ சொல்லும் சபை மன்னிப்பைப் போதிக்கவில்லை, குற்றத்தை ஒளிக்கிறது. மன்னிப்பைப் பெற்றவர் சட்டத்தின் முன் நிற்கலாம். சகேயு நாலு மடங்கோடு நின்றதுபோல நிற்கலாம்.

மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் தாவீது வரும் இடத்தை எடுத்துப் பாருங்கள். சாலொமோனின் தாயின் பேர் அதில் இல்லை. "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று எழுதியிருக்கிறது. தாவீது மன்னிக்கப்பட்டு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து எழுதிய வரி அது.